பள்ளிக்கூடம் அடைத்த மறுநாள்

அந்த வருஷப் பரீட்சை முடிந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. பங்குனி வெயிலில், ஓலைக் கூரைக்குக் கீழே, இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துக் கத்திக் கத்தி வந்த கேடு. பள்ளிக்கூடம் அடைத்தால் போதும், வீட்டில் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் கடைசி மாதத்தைத் தள்ளினேன்.

பள்ளி, நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, பஸ் போகும் ரோட்டிலிருந்து வரப்பும் மேடுமாக உள்ளே நடக்க வேண்டிய ஊரில் இருந்தது. என் வீடு திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில். சின்ன வயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அண்ணன் ஒரு தானிய மண்டியில் கணக்கெழுதினார். நாங்கள் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய குடும்பம். சைவம். வெளியிடத்தில் கை நனைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. "சுவரைப் பாத்துக்கிட்டு எத்தனை காலம் இருப்பே" என்று அண்ணன்தான் என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தார். மதினிக்கு அதில் பெரிய சம்மதம் இல்லை. ஆனாலும் காலையில் எனக்குச் சோறு கட்டித் தருவது அவர்தான்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் பீப்பாய் போல ஓர் அடுப்பு நிற்கும். கிளீனர் அதில் கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிப்பான். கிழக்கேகோட்டையில் ஏறி உட்கார்ந்தால் வண்டி எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். நாங்கள் பெண்கள் உள்ளே உட்கார்ந்து எங்கள் பாரத்தை நினைத்துக் கூசுவோம். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது என் வெள்ளைச் சேலையின் தோள்பட்டையில் கரித்தூள் படிந்திருக்கும். தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அந்த அலுப்பு இப்போதும் என் இடுப்பில் எங்கேயோ இருக்கிறது.

அந்தப் பள்ளியில் மூன்றே பேர். தலைமை வாத்தியார், மேல் வகுப்புகளுக்கு ஒருவர், முதல் இரண்டு வகுப்புகளுக்கு நான். அந்தப் பக்கத்தில் வாத்தியார் ஆணானாலும் பெண்ணானாலும் பிள்ளைகளுக்கு 'சார்'தான். அதனால் தலைமை வாத்தியார் பெரிய சார், நான் சின்ன சார். பெரிய சார் மலையாளி. தமிழ்ப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த ஒரு தமிழ் அவரிடம் இருந்தது. ஒல்லியான, எதற்கும் பயப்படுகிற மனிதர். முன்பு எங்கேயோ ஒரு கணக்குத் தகராறில் தண்டனை மாற்றலாக இங்கே வந்தவர் என்று சொல்வார்கள். ஓய்வு பெற அதிக காலம் இல்லை.

பர்மா அரிசி வருவது நின்றதிலிருந்து அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது. அதுவும் மரச்சீனி என்று அங்கே சொல்லும் மரவள்ளிக் கிழங்குதான். சர்க்காரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பெரிய செப்புப் பானையில் கஞ்சியும், சிறு சட்டியில் பயறும். அதை வைக்க ஊரிலேயே ஓர் அம்மாளை நியமித்திருந்தார்கள். பனையேறியின் மனைவி, நாற்பது வயசிருக்கும், சிடுசிடுப்பானவள். பிள்ளைகள் அவளைக் கஞ்சியக்கா என்றார்கள். கஞ்சி வந்த பிறகுதான் என் வகுப்பு நிறைந்தது. முன்பெல்லாம் ஆடு மேய்க்கப் போனவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். பத்து மணிக்கே மூக்கு அடுக்களைப் பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு நான் சொல்லும் கூட்டல் கழித்தலை யார் கேட்பார்கள்?

பள்ளி அடைக்கும் நாளில் பெரிய சார் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜெயித்தவர்களின் பெயர்களை வாசித்தார். என் வகுப்பில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் ஜெயம். வாசித்து முடித்ததும், இடவ மாசம் என்று அங்கே சொல்லும் வைகாசியின் கடைசியில் மழையோடு பள்ளி திறக்கும், அதுவரை எல்லோரும் சேட்டை செய்யாமல் இருக்க வேண்டும் என்றார். சாதாரணமாக இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு கூச்சல் போட்டுவிட்டு வேலி தாண்டிப் பறப்பார்கள். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

முதல் வகுப்பில் பேன் தொல்லைக்காக மொட்டையடித்த ஒரு சிறு பெண் இருந்தாள். அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"பெரிய சாரே, நாளைக்குக் கஞ்சி உண்டா?"

"பள்ளி அடைச்சா கஞ்சி இல்லை மோளே. திறக்கும்போ உண்டு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தட்டையும் தேங்காய்ச் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு நடந்து போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

பள்ளி அடைத்தாலும் எங்களுக்கு இன்னும் ஓரிரு நாள் வேலை இருந்தது. அடுத்த வகுப்புக்கு ஏற்றிய பெயர்களை நகல் எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது, வராந்தா முழுவதும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. பாடம் நடக்கும் நாளில் அப்படி ஒருநாள்கூட அவர்கள் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொருவர் மடியிலும் தட்டோ சிரட்டையோ இருந்தது.

"ஏன் வந்தீங்க? நேத்துச் சொல்லலியா?" என்றேன். குரல் எழும்பவில்லை.

"சும்மா வந்தோம் சாரே," என்றான் ஒருவன்.

கஞ்சியக்கா கிணற்றடியில் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்துவிட்டுப் போவதற்காக வந்திருந்தாள்.

"காலம்பற இருந்தே இருக்குதுவ. நான் தொரத்திப் பாத்தாச்சு," என்றாள். "என் வீட்டிலேயே அடுப்பு எரியல்ல. நான் எதை எடுத்துக் காச்ச?"

உள்ளே பெரிய சார் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மிச்ச அரிசி ஒரு சாக்கின் அடியில் கிடந்தது எனக்குத் தெரியும். அறை பூட்டியிருந்தது.

"டீச்சரே, அதை மட்டும் கேக்கண்டாம்," என்றார் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "மிச்சம் இத்தனை என்று எழுதி அனுப்பியாச்சு. ஒரு பிடி குறைஞ்சா எனக்குப் பென்ஷன் இல்லை. என் வீட்டிலும் ஆள் இருக்குதல்லோ."

 எனக்கு அந்த மனிதரோடு வாதாடத் தெம்பு இல்லை. மூலையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மத்தியானம் ஆனது. வழக்கமாக மணி அடிக்கும் நேரத்தில் வராந்தாவில் லேசாக ஓர் அசைவு. யாரோ தட்டை நேராக வைத்துக்கொண்ட சத்தம். அவ்வளவுதான். மதினி கட்டிக் கொடுத்த புளிச்சோறு என் பையில் இருந்தது. அதைப் பிரித்து அவர்கள் முன்னால் தின்ன முடியாது, அத்தனை பேருக்கும் கொடுக்கவும் காணாது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். வீட்டுக்குப் போய்த் தொலையுங்கள் என்று கத்தியிருப்பேன், தொண்டை இருந்திருந்தால்.

பெரிய சார் குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அவர் வீடு பக்கத்திலேயே. போனவர் வெகு நேரம் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தபோது முழங்கால்வரை மண். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் தூரோடு பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கு; கையில் ஒரு தேங்காய். எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"இது என் வீட்டுப் பறம்பில் விளைஞ்சது. சர்க்காருக்கு இதில் கணக்கு இல்லை," என்றார் கஞ்சியக்காவிடம். "வேக வை."

"பானையை இப்பம்தான் தேய்ச்சேன்," என்றாள் அவள். ஆனால் சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தாள். நானும் போய்த் தோலுரிக்க உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு துண்டு கிழங்கும், கொஞ்சம் தேங்காய்த் துருவலும், கிழங்கு வெந்த தண்ணீரும் கிடைத்தன. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தடவை ஊற்றியதுதான் இது என்று கஞ்சியக்கா சொன்னாள். மிஞ்சியதில் ஒரு பங்கை எல்லோரும் பார்க்கவே தன் சட்டியில் எடுத்து வைத்தாள். "எனக்கும் வீட்டில் நாலு வாய் உண்டு" என்றாள். யாரும் மறுக்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு பெரிய சார் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கும் வரும், இல்லையோ?" என்றார்.

"வரும்."

"தினமும் என்னால் பற்றாது. ஒண்ணு விட்டு ஒரு நாள் பார்க்கலாம். ஆனா ஒரு ஆள் கூட நிக்கணும் டீச்சரே. இவள் ஒருத்தியால் இத்தனை பேருக்கும் விளம்பிக் கொடுக்க முடியாது. நான் நாலு வீட்டில் போய்க் கேக்கணும்."

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு சார்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"எனக்கும்," என்றார் அவர்.

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. தளர்ந்துபோய் அவர் உட்கார்ந்திருந்த அந்த இருப்பைப் பார்த்த பிறகு, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்ற வாத்தியார் பரீட்சை முடிந்ததுமே சொந்த ஊருக்குப் போயிருந்தார். ஆகவே அந்த விடுமுறையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாங்கள் மூன்று பேர்தான் கிழங்கு வேக வைத்துக் கொடுத்தோம்; பிள்ளைகளுக்கு அதுதான் கஞ்சி நாள். பெரிய சார் காலையில் குடையும் ஒரு சாக்குமாக வீடு வீடாகப் போவார். இத்தனை காலம் தலைமை வாத்தியார் என்று எழுந்து நின்றவர்களிடம் போய், கிழங்கு உண்டோ, தேங்காய் உண்டோ என்று கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சிலர் கொடுத்தார்கள். சிலர் நாய் குரைப்பதைக் கேட்டும் கதவைத் திறக்கவில்லை. பிள்ளைகளும் வரும்போது ஒரு விறகோ, இரண்டு மட்டையோ கொண்டு வந்தார்கள். பள்ளிக்கு வராத சின்னதுகளும் அண்ணன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்தன. கிழங்குத் துண்டு சிறியதாகிக்கொண்டே போனது.

வீட்டில் மதினி இரண்டாவது வாரம் கேட்டார்.

"அடைச்ச பெறகும் எதுக்குப் போறே? சம்பளமா தாரான்?"

"இல்லை."

"பின்னே? கண்ணு ரெண்டும் குழியாப் போச்சு. உன்னை இப்படிப் பஸ்ஸிலே அலையவிடுறோம்னு தெருவிலே நாலு பேர் எங்களைத்தான் சொல்லுவா."

அண்ணன் சாப்பிட்டு எழுந்தார். பிடிக்கவில்லை என்பது அவர் கை கழுவிய விதத்தில் தெரிந்தது. ஆனால் அந்த வார முடிவில், மண்டியில் மூட்டை அடுக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்கிய பயறை, முதலாளியிடம் கேட்டு ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்தார். பாதி மண்.

"கல் பாத்துப் பொறுக்கு," என்று என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மதினி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு முறத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வாய் ஓயவில்லை, கையும் ஓயவில்லை.

சித்திரை முடியும் சமயம் எனக்குக் காய்ச்சல் கண்டது. பஸ்ஸில் வரும்போதே குளிர் எடுத்தது. வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் கஞ்சி நாள். நான் வரமாட்டேன் என்று தெரியாமல் அவர்கள் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு காய்ச்சலை விட அதிகமாகப் படுத்தியது. புரண்டு புரண்டு படுத்துக்கொண்டு அதையே புலம்பியிருக்கிறேன் போல.

அன்று காலையில் அண்ணன் மண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, பயறு முடிச்சை எடுத்துக்கொண்டார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்துருதேன். நீ பேசாமக் கிட," என்றார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். வேட்டியில் கரியும் மண்ணும். கொல்லைப் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேச்சை அளந்துதான் பேசுவார்.

"உனக்கு எப்படி இருக்குன்னு அந்தப் பிள்ளைகள் கேட்டுது," என்றார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தப் பொம்பளைட்டச் சொல்லு, பயறுலே உப்பு கொஞ்சம் கூடுதல்," என்றார்.

மதினி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றப் போனார்.  காய்ச்சல் இருந்தாலும் எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அண்ணன் எனக்குப் பதிலாகப் போனார். நான் தேறிப் போனபோது கஞ்சியக்கா, "உங்க அண்ணாச்சி நல்லா விளம்புவாவ. உங்களை மாதிரி கை நடுங்காது," என்றாள்.

ஆனால் கடைசிவரை எங்களால் முடியவில்லை. ஊரில் கிழங்கு தீர்ந்துவிட்டது. தோண்டியவர்கள் தோண்டிவிட்டார்கள், மீதி இருந்ததை வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப்போனார்கள். பெரிய சார் ஒரு நாள் வெறும் சாக்கோடு திரும்பி வந்து, அதை மடித்துத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, "இனி இல்லை," என்றார். பிள்ளைகளிடம் அவரே சொன்னார். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. அடுத்த கஞ்சி நாளில் நான் போகவில்லை. போய் அந்த வராந்தாவைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. சிலர் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதாகவும், அதற்குப் பிறகு யாரும் வரவில்லை என்றும் பிற்பாடு கஞ்சியக்கா சொன்னாள்.

வீட்டில் படுத்துக் கிடந்தேன். நான் அத்தனை மாதமாக ஆசைப்பட்ட படுக்கை. முதுகு வலித்ததுதான் மிச்சம்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. கூரை நாலு இடத்தில் ஒழுகியது. பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் இல்லை. சில குடும்பங்கள் மலைத் தோட்ட வேலைக்குப் போயிருந்தன. ஒரு வீட்டார் மலபார் பக்கம் காடு வெட்டிப் பயிரிடப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வந்தவர்களில் சிலரை உடனே அடையாளம் தெரியவில்லை. முகம் அப்படி வற்றிப்போயிருந்தது. ஒரு பையன் வரவில்லை. வயிற்றுப்போக்கில் போய்விட்டான் என்று அவன் தங்கை சொன்னாள். கணக்கில் என்னைப் படாத பாடு படுத்தியவன். அவன் பெயர் வந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். நிறுத்தியிருந்தால் தொடர்ந்திருக்க முடியாது.

சர்க்கார் அரிசி வந்து சேர மேலும் சில நாள் ஆனது. ஆனால் வந்தது. செப்புப் பானை மறுபடி அடுப்பில் ஏறியது.

அந்த வாரத்தில் ஒருநாள் பெரிய சார், யாரிடமோ கேட்டு வாங்கிய மரச்சீனிக் கம்புகளைக் கட்டாகக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மண்ணைக் கூட்டி மேடாக்கினார்கள். அவர் மழையில் நனைந்துகொண்டே கம்புகளைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டார். கிணற்றடியிலிருந்து வேலி வரை, பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் முழுவதும். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். கிழங்கு விளையப் பத்து மாசம் ஆகும். அப்போது என்ன மாதம் வரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"டீச்சரே, அந்தக் கட்டை இங்கோட்டு எடுங்கோ," என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

நட்டதில் ஒரு பகுதியை ஆடு தின்றது. ஒரு பகுதி அழுகியது. மீதி விளைந்தது. அடுத்த கோடையில் நான் போன நாட்கள் குறைவு. உடம்பு இடம் கொடுக்கவில்லை. அண்ணன் சில நாள் போனார்.